மல்லிச் செடிக்கும் ஆழ்கடல் சுறாவுக்கும் பொதுவான ஓர் எண்ணெய்

திருநகரில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வாங்கிய முகத்தைலக் குப்பியில் ‘ஸ்குவாலேன்’ என்று ஒரு பொருள் எழுதியிருக்கிறது. கடையில் விசாரித்ததற்குக் கரும்பிலிருந்து வருவது என்றார்களாம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், ஆழ்கடல் சுறாவின் ஈரலில் இருந்து எடுப்பது என்றும், மல்லிகை போன்ற செடிகளிலும் உண்டு என்றும் வருகிறது. மாமியார் முட்டைகூடச் சேர்க்காதவர். “கடலுக்கடியில் வெளிச்சமே இல்லாத இடத்தில் வாழும் சுறாவுக்கும், சுள்ளென்ற வெயிலில் வளரும் கரும்புக்கும் மல்லிக்கும் எப்படி ஒரே பொருள் இருக்க முடியும்? இரண்டில் ஒன்று பொய்தானே?” என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு மீனும் ஒரு பூச்செடியும் ஒரே பொருளை உண்டாக்க முடியுமா என்பது ஒன்று. அவர் கையில் இருக்கும் குப்பியில் உள்ளது எங்கிருந்து வந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மதுரையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய காலமெல்லாம் நான் மிகவும் விரும்பி நடத்திய பாடம் அது. இரண்டாவதற்கு இங்கே உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்லலாம். அவர் எழுதாமல் விட்ட மூன்றாவது கேள்வியும் ஒன்று உண்டு. பொருள் ஒன்றேதான் என்றால், அது எங்கிருந்து வந்தால் என்ன? மாமியார் மனதில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதையும் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், யாரும் பொய் சொல்லவில்லை. சுறாவின் ஈரலில் இருப்பதும் செடியில் இருப்பதும் ஸ்குவாலீன் என்ற ஒரே எண்ணெய். 30 கார்பன், 50 ஹைட்ரஜன். அணுக்கள் கோத்திருக்கும் வரிசைகூட இரண்டிலும் ஒன்றுதான். 1906இல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ இதை முதன்முதலில் சுறா ஈரல் எண்ணெயில் கண்டறிந்தார். அதனால்தான் ஸ்குவாலீன் என்றதும் இன்றைக்கும் சுறாவே முதலில் நினைவுக்கு வருகிறது. இந்த எண்ணெயில் ஆறு இடங்களில் இரட்டைப் பிணைப்பு உண்டு. காற்றுப் பட்டால் அந்த இடங்களில் ஆக்சிஜன் ஏறி, எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். அந்த இடங்களையெல்லாம் ஹைட்ரஜனால் நிரப்பிவிட்டால் கெடாது. அப்படி நிரப்பியதுதான் ஸ்குவாலேன். அதில் ஹைட்ரஜன் 62. முகத்துக்குப் பூசும் தைலங்களில் பெரும்பாலும் போடுவது இதைத்தான். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மனிதத் தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஸ்குவாலீன்தான். சைவம் அசைவம் என்ற பேதமில்லாமல் எல்லாருடைய முகத்திலும் அது ஊறிக்கொண்டே இருக்கிறது.

சரி, இவ்வளவு தூரம் விலகிப்போன உயிர்கள் ஒரே பொருளை எப்படிச் செய்கின்றன? உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் இருந்து வரும் பிள்ளைகள் பலர், விடிவதற்கு முன்பே தோட்டத்தில் மொட்டுப் பறித்துக் கொடுத்துவிட்டு முதல் வகுப்புக்கு வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு இதைச் சொல்வது எனக்கு எப்போதுமே எளிதாக இருந்தது. உயிரணு முதலில் ஐந்து கார்பன் கொண்ட ஒரு சின்னத் துண்டைச் செய்கிறது. இரண்டு துண்டு சேர்ந்தால் பத்து. இன்னொன்று சேர்ந்தால் பதினைந்து. இந்தப் பதினைந்து கார்பன் துண்டுக்கு ஃபார்னசைல் பைரோபாஸ்பேட் என்று பெயர். நாம் பூக் கட்டும்போது காம்போடு காம்பு சேர்த்து, பூ முகம் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி வைத்து முடிச்சுப் போடுகிறோம் அல்லவா, அதைப் போல இரண்டு ஃபார்னசைல் துண்டுகளை எதிரும் புதிருமாக வைத்து ஒரு நொதி இணைக்கிறது. 15ம் 15ம் சேர்ந்து 30, ஸ்குவாலீன் தயார். சுறாவின் ஈரலிலும் இதே வேலை நடக்கிறது, மல்லிகைச் செடியின் இலையிலும் இதே வேலை நடக்கிறது. நொதியின் பெயரும் ஒன்றே, செய்யும் விதமும் ஒன்றே.

இந்த இடத்தில் செடி மட்டும் இன்னொரு காரியம் செய்கிறது. சொல்லும்போதே எனக்கு உற்சாகம் வந்துவிடும் இடம் இது. மல்லி மொட்டு சாயங்காலம் விரியும் நேரத்தில், பூவின் உயிரணுக்கள் அந்த ஃபார்னசைல் துண்டுகளில் ஒரு பகுதியை ஜோடி சேர்க்காமல், ஒற்றையாகவே வேறு ஒரு நொதியிடம் கொடுத்துவிடுகின்றன. அது ஆல்பா-ஃபார்னசீன் என்ற, காற்றில் எளிதாக ஆவியாகிற பொருளாக மாறி வெளியே போகிறது. மதுரை மல்லியின் மணத்தில் இது முக்கியமான ஒரு பங்கு. ஆகவே சுறாவை மிதக்க வைக்கும் எண்ணெயும் கூடத்தில் வைத்த பூவின் வாசமும் ஒரே துண்டில் இருந்து பிரிகிறவை.

அதற்காக மல்லி வாசம் முழுவதையும் சுறா எண்ணெய்க்கு உறவாக்கிவிடக் கூடாது. அந்த மணத்தில் உள்ள பென்சைல் அசிட்டேட்டும் இண்டோலும் முற்றிலும் வேறு பாதையில் வருகின்றன. லினலூல் என்ற இன்னொன்று பத்து கார்பன் துண்டில் இருந்து வருவது. அந்தத் துண்டைச் செடி தன் பசுங்கணிகம் போன்ற உறுப்புகளுக்குள், விலங்குகளிடம் இல்லாத தனிப் பாதையில் செய்துகொள்கிறது. செடிகளுக்கு இப்படி இரண்டாவது பாதை ஒன்று இருப்பது 1990களில்தான் தெளிவானது. அதற்கு முன் அச்சான பாடப்புத்தகங்களில் ஒரே பாதைதான் இருக்கும். பழைய புத்தகம் வைத்துப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் கண்டுபிடித்த கதையிலும் சுறா உண்டு. நம் உடம்பு கொலஸ்ட்ராலை எதிலிருந்து செய்கிறது என்று தேடியவர் கான்ராட் பிளாக். ஸ்குவாலீன்தான் நடுப்படி என்று அவருக்குச் சந்தேகம். சுறாவில் ஏராளமாக இருக்கிறதே என்று பெர்முடா தீவுக்குப் போய்ச் சுறாவில் சோதித்துப் பார்க்க முயன்றார், காரியம் கைகூடவில்லை. பிறகு 1950களின் தொடக்கத்தில், அவரும் ராபர்ட் லாங்டனும் எலிகளைக் கொண்டு அதை நிறுவினார்கள். கதிரியக்க அடையாளம் இட்ட அசிட்டேட் என்ற சின்ன மூலக்கூறு ஸ்குவாலீன் ஆனது. ஸ்குவாலீன் கொலஸ்ட்ரால் ஆனது. 1964இல் பிளாக்குக்கும் ஃபியோடார் லைனனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எண்ணெய் மலைபோல் குவிந்து கிடக்கும் சுறாவை விட, சிறிதளவே செய்து உடனே செலவழிக்கும் எலியில் அந்த ஓட்டம் தெளிவாகத் தெரிந்தது.

சுறா ஏன் குவித்து வைக்கிறது என்று பார்ப்போம். வைகை அணையில் பிடிக்கும் ரோகு, கட்லாவுக்கெல்லாம் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. மீன் கழுவும்போது வெள்ளையாகப் பார்த்திருப்பீர்கள். அதில் காற்றைக் கூட்டிக் குறைத்து அவை தண்ணீரில் நிற்கும். எந்தச் சுறாவுக்கும் அந்தப் பை கிடையாது. ஆழத்தில் அது இருந்தும் பயன் குறைவு. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 1000 மீட்டரில் நூறு மடங்கு. காற்று நசுங்கிப் போகும். எண்ணெய் அவ்வளவு நசுங்காது. கடல்நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.03 கிராம் என்றால் ஸ்குவாலீன் 0.86தான், உடம்பில் பொதுவாக இருக்கும் கொழுப்பை விடவும் லேசானது. பூஜ்யத்துக்கு 70 டிகிரி கீழே போனாலும் உறையாது. சென்ட்ரோபோரஸ் என்ற வகையைச் சேர்ந்த, பெரிய பச்சைக் கண்கள் கொண்ட ஆழ்கடல் சுறாக்களில் ஈரல் மட்டுமே உடல் எடையில் கால் பங்கு வரை இருக்கும். அந்த ஈரல் எண்ணெயில் பாதிக்கு மேல் ஸ்குவாலீனாக இருப்பது வழக்கம். அந்த எண்ணெய் தரும் மிதப்பு, சுறாவின் மற்ற உடல் எடையைக் கிட்டத்தட்டச் சரியாகச் சமன் செய்கிறது என்று 1969இல் கார்னர், டென்டன், ஃபார்ஸ்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நிறுத்துக் காட்டினார்கள். வால் அசைக்காமலே அவை நடுத்தண்ணீரில் நிற்கலாம். இரை அரிதாகக் கிடைக்கும் இடத்தில் அது பெரிய சிக்கனம்.

மல்லிக்கு மிதக்க வேண்டிய தேவை இல்லை. அதனால் அது ஸ்குவாலீனைச் செய்த கையோடு அடுத்த படிக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே ஒரு ஆக்சிஜன் ஏறி, நீளச் சங்கிலி வளையங்களாக மடிந்து, உயிரணுச் சவ்வுக்கு வேண்டிய ஸ்டீரால் ஆகிறது. விலங்கில் அது லானோஸ்டீரால் வழியாகக் கொலஸ்ட்ராலில் முடியும். செடியில் சைக்ளோஆர்ட்டினால் வழியாகச் சிட்டோஸ்டீரால் போன்றவற்றில் முடியும். சங்கிலி மடியும் அந்த ஒரு படிவரை இரண்டும் சேர்ந்தே வருகின்றன, பிறகுதான் பிரிகின்றன. பூவில் கொஞ்சம் தங்கவும் செய்கிறது. நம்மூரில் பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் சொல்கிறோமே, அந்தப் பூவைக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் வாசனைச் சாறில் நூற்றுக்குச் சில பங்கு ஸ்குவாலீனும், ஆக்சிஜன் ஏறிய ஸ்குவாலீனும் இருப்பதை அளந்திருக்கிறார்கள். குண்டுமல்லிக்கு அதே அளவைச் சொல்ல நான் தயாராக இல்லை. அது வேறு இனம். ஆனால் உயிரணுவுக்குள் ஸ்குவாலீன் உண்டாவதில் எந்தப் பூச்செடிக்கும் விலக்கு இல்லை.

செடிகளில் அதிகம் சேர்த்து வைப்பது தானியக் கீரை விதை. நாம் கடைந்து சாப்பிடும் தண்டுக்கீரையின் அமெரிக்கக் கண்டத்து உறவு அது. அதன் எண்ணெயில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு ஸ்குவாலீன். ஆனால் விதையில் எண்ணெயே ஏழெட்டு பங்குதான், அதனால் விலை கட்டுவதில்லை. ஆலிவ் எண்ணெயில் ஒரு பங்குகூட இல்லை என்றாலும், சுத்திகரிக்கும்போது கழியும் பொருளில் அது திரண்டு கிடைக்கும். ஐரோப்பாவில் இருந்து வரும் தாவர ஸ்குவாலேனில் பெரும்பகுதி அப்படி எடுத்தது.

கரும்பின் கதை இதிலிருந்து வேறு. கடைக்காரர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். கரும்பைப் பிழிந்தால் ஸ்குவாலேன் வராது. அலங்காநல்லூர்ப் பக்கம் விளையும் கரும்பானாலும் பிரேசில் கரும்பானாலும் அது இங்கே கொடுப்பது சர்க்கரையை மட்டும்தான். மரபணு மாற்றிய ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று பீட்டா-ஃபார்னசீன் செய்கிறது. மல்லி மணத்தில் இருக்கும் ஆல்பா-ஃபார்னசீனுக்கு மிக நெருங்கிய உறவு அது. இரண்டு ஃபார்னசீனைத் தொழிற்சாலையில் வினையூக்கி கொண்டு இணைத்து, ஹைட்ரஜன் ஏற்றினால் ஸ்குவாலேன் கிடைக்கிறது. 2010களில் பிரேசிலில் இது பெரிய அளவில் தொடங்கியது. வழியில் எந்த விலங்கும் இல்லை. ஈஸ்ட் சேர்வதில் ஆட்சேபம் உண்டா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ரொட்டி சாப்பிடுகிற வீடாக இருந்தால் தயக்கம் இருக்காது என்று நினைக்கிறேன். பீட்டா-ஃபார்னசீன் பற்றி இன்னொன்று: அசுவினிப் பூச்சிகள் ஆபத்து வந்தால் ஒன்றையொன்று எச்சரிக்க வெளியிடுவதும் அதுவே. இயற்கை ஒரு துண்டை எத்தனை காரியத்துக்குப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள்.

இதுவரை சொன்னதில் சுறாவின் மிதப்பும் எண்ணெய் உருவாகும் பாதையும் ஐயத்துக்கு இடமில்லாதவை. இனி சொல்வதில் கொஞ்சம் தள்ளி நின்று பேச வேண்டும். 3000 மீட்டருக்குக் கீழே சுறாக்கள் கிட்டத்தட்டக் கிடையாது என்பது ஆய்வில் தெரிந்த உண்மை. அவ்வளவு எண்ணெயைச் சேர்க்கத் தேவையான இரை அங்கே கிடைக்காததுதான் காரணம் என்பது ஒரு கருத்து. எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது, ஆனால் நிறுவப்பட்டதாகச் சொல்ல மாட்டேன். அதேபோல, மல்லி வெள்ளையாக இருப்பதும் இரவில் விரிந்து மணப்பதும் அந்துப்பூச்சிகளை அழைக்க என்று சொல்வோம். அதன் காட்டு உறவுகளை வைத்து ஊகிப்பது அது. நம் தோட்டத்து மல்லி பொதுவாகக் காய்ப்பதே இல்லை. ராமநாதபுரம் தங்கச்சிமடத்தில் இருந்து வரும் குச்சி நாற்றுகளில் இருந்துதான் தோட்டம் உருவாகிறது. அழைத்து வந்த பூச்சியால் அதற்கு இப்போது பயன் இல்லை. வயதை ஒப்பிட்டால், சுறாக்களின் வரலாறு 40 கோடி ஆண்டுக்கும் மேல் போகிறது. பூச்செடிகளின் தெளிவான புதைபடிவங்கள் சுமார் 13 கோடி ஆண்டுப் பழமையானவை; மரபணுக் கணக்கு இன்னும் பின்னால் போகிறது, அதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்குவாலீன் செய்யும் வழி இரண்டையும் விடப் பழையது. செடிக்கும் விலங்குக்கும் பொதுவான மூதாதையிடமே அது இருந்தது என்பதில் அநேகமாக எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

இப்போது மாமியாரின் கேள்வி. வேதியியல் மட்டும் பார்த்தால், தூய்மையாக்கிய ஸ்குவாலேனுக்கு எங்கிருந்து வந்தோம் என்ற நினைவு கிடையாது. தோலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம் என்றே நான் நினைக்கிறேன். மல்லிச் செடியில் இன்று விடியலில் பறித்தால் நாளை விடியலில் மறுபடி மொட்டு இருக்கும். மார்கழிப் பனியில் வரத்துக் குறையும், மாட்டுத்தாவணியில் விலை ஏறும்; கவாத்து செய்து விட்டால் பங்குனியில் மறுபடி பூக்கும். சென்ட்ரோபோரஸ் சுறா அப்படி இல்லை. பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். பல இனங்களில் ஓர் ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான், அதையும் நெடுநாள் சுமந்து ஈனும். ஈரலை எடுக்க வேண்டுமானால் சுறாவைக் கொல்லாமல் முடியாது. ஒரு பகுதியில் பிடித்துத் தீர்த்தால் அந்த இனம் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களில் ஏழில் ஒன்று மிகை மீன்பிடியால் அழிவு அபாயத்தில் இருப்பதாக 2024இல் வெளியான உலகளாவிய ஆய்வு சொல்கிறது. ஈரல் எண்ணெய் வணிகம் அதற்கு முக்கியமான காரணம்.

குமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாத் தொழில் செய்வதில் பேர்போனவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. கடலில் உயிரைப் பணயம் வைக்கிறவர்கள் அவர்கள். ஈரல் எண்ணெய்க்கு விலை கொடுப்பது எங்கோ இருக்கும் சந்தை. அந்த விலையைத் தீர்மானிப்பதில் குப்பி வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு. செடியில் இருந்து அதே பொருள் கிடைக்கும்போது சுறாவைக் கேட்பதற்கு முகத்தைலத்தில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. மருந்து வேறு. சில ஃப்ளூ தடுப்பூசிகளில் நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊக்கியாக ஸ்குவாலீன் மிகச் சிறிய அளவில் சேர்கிறது. அங்கே எதை எப்போது மாற்றுவது என்பது மருந்தியல் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது. சுறா எண்ணெய் மாத்திரை நோயைக் குணப்படுத்துமா என்று கேட்பவர்களுக்கும் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக, கையில் இருக்கும் குப்பி. முகர்ந்தோ தடவியோ கண்டுபிடிக்க முடியாது; தூய ஸ்குவாலேனுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆய்வகத்தில் ஓரளவு முடியும். கார்பனில் எடை கூடிய வகை எவ்வளவு, குறைந்த வகை எவ்வளவு என்ற விகிதம் ஆலிவுக்கு ஒன்று, கடல் உயிருக்கு ஒன்று, கரும்புக்கு இன்னொன்று. கரும்பு ஒளிச்சேர்க்கை செய்யும் விதமே ஆலிவில் இருந்து வேறுபட்டது என்பதால் இந்த வித்தியாசம் வருகிறது. ஆனால் ஆலிவையும் கரும்பையும் கலந்தால் விகிதம் நடுவில் வந்து விழும், சுறாவோடு குழம்ப வாய்ப்பு உண்டு. அதனால் அந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது. வீட்டளவில் செய்யக்கூடியது, பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதும், தயாரிப்பவர்களுக்கு எழுதிக் கேட்பதும்தான். “ஸ்குவாலேன் எந்தத் தாவரத்தில் இருந்து வந்தது?” என்று நேராகக் கேளுங்கள். கரும்பு, ஆலிவ், தானியக் கீரை என்று பெயர் சொல்லிப் பதில் வந்தால் மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம். “இயற்கை மூலம்” என்று மட்டும் வந்தால் அது பதில் ஆகாது. சுறாவும் இயற்கையில் வருவதுதான். செடியின் பெயரைக் கேட்டு மறுபடி எழுதுங்கள், அதற்கும் சொல்லவில்லை என்றால் சொல்கிறவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.